ஜூலியா சைல்டின் ஆம்லெட்: மூன்று வாரப் பயிற்சி

மூன்று வாரங்களாகக் காலைதோறும் ஒரே ஆம்லெட்டைச் செய்து பழகி வருகிறேன். 1961ஆம் ஆண்டில் ஜூலியா சைல்டு, சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் ஆகிய மூவரும் அமெரிக்க இல்லங்களுக்காக எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூலின் வழிமுறை இது. முட்டை இரண்டு அல்லது மூன்று, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், உப்பு, மிளகு. அடுப்பில் இருக்கும் நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவு. நம் வீட்டு ஆம்லெட் போல வெங்காயத்தோடு சிவக்க வேகக் கூடாது. வெளியே வெளிர் மஞ்சளாகவும் உள்ளே குழைவாகவும் இருக்க வேண்டும்.

முதல் வாரம் முழுவதும் வெண்ணெயோடு போராட்டம். வெண்ணெயில் உள்ள நீர் கொதிக்கும்போது நுரை பொங்குகிறது. நீர் வற்றியதும் சலசலப்பு குறைந்து, நுரை அடங்கி, சூடு சட்டென்று ஏறிவிடுகிறது. நுரை அடங்கி நிறம் மாறத் தொடங்கும் அந்தச் சில நொடிகளுக்குள் முட்டையை ஊற்றியாக வேண்டும். நான்கு நாள் தாமதித்தேன். நான்கு நாளும் பழுப்பு நிற ஆம்லெட்தான் கிடைத்தது. ஐந்தாம் நாளிலிருந்து கண்ணைவிடக் காதை நம்பினேன்.

பாஸ்டன் நகரின் ஃபானி ஃபார்மர் 1896ஆம் ஆண்டிலேயே, கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கும் முறையைத் தம் நூலின் வழியே அமெரிக்கச் சமையலறைகளில் நிலைபெறச் செய்துவிட்டார். அது பெரிய கொடை. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லாதவர்களும் அதைக் கொண்டு சமைக்க முடிந்தது. ஆனால் எவ்வளவு என்பதை அளவு சொல்லுமே தவிர, எப்போது என்பதைச் சொல்லாது. ஜூலியா சைல்டு அந்த இரண்டாவது கேள்விக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதினார் என்பதே அவரை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம். 1962இல் பாஸ்டன் தொலைக்காட்சியில் புத்தக நிகழ்ச்சி ஒன்றுக்கு மின்னடுப்போடு சென்று அவர் செய்து காட்டியதும் ஆம்லெட்தான். அதைப் பார்த்தவர்கள் இன்னும் வேண்டும் என்று கடிதம் எழுத, 1963இல் அவருடைய சமையல் தொடர் தொடங்கியது. உறைய வைத்த ஆயத்த உணவு பெருகிக்கொண்டிருந்த காலத்தில், நேரம் எடுத்துச் சமைப்பதை அவர் மகிழ்ச்சியான வேலையாக்கினார்.

இரண்டாம் வாரம் கைப்பழக்கம். வாணலியைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தால், முட்டை எதிர்விளிம்பில் மோதித் தானே சுருள வேண்டும். இதற்கு வீட்டுக்கு வெளியே அரைக் கோப்பை காய்ந்த பயறை வைத்துப் பழகலாம் என்று நூல் சொல்கிறது. மொட்டைமாடியில் மொச்சையைக் கொண்டு பழகினேன். முதல் நாள் பாதி தரையில் சிதறியது, நான்காம் நாள் எல்லாம் வாணலிக்குள் புரண்டன. மெல்ல இழுத்தால் மொச்சை நகர்வதே இல்லை.

மூன்றாம் வாரத்தின் கடைசி நாளான நேற்று, கரண்டி படாமலேயே ஆம்லெட் சுருண்டு தட்டில் விழுந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சிறு கிழிசல். இதுவரை இரண்டு முட்டையோடு நின்றேன். நாளை முதல் மூன்று.