இடைவெளியைப் பார்த்து எறி

பணகுடிப் பக்கம் பிறந்தவனுக்கு மரம் என்றால் தனித்தனியாக நிற்பது. பனைக்கும் பனைக்கும் நடுவில் லாரியே போகலாம். உடைமரங்கள் திக்குக்கு ஒன்றாக நிற்கும். மேற்கே மகேந்திரகிரி, அந்த ஒரு பக்கம் போக, பார்க்கிற இடமெல்லாம் வெட்டவெளியும் காற்றாலையும்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வட கரோலினாவின் ஷார்லட் நகரத்துக்குக் குடிபோனபோது எனக்கு மூச்சு முட்டியது. ஊருக்குள்ளேயே காடு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஓக், பைன், ட்யூலிப் பாப்லர் என்று அடைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு தெரு இருப்பதே இலை உதிர்ந்த பிறகுதான் தெரிந்தது. வேலை, வீடு, சனிக்கிழமை இந்தியன் ஸ்டோர், எப்போதாவது தமிழ்ச் சங்கத்துப் பொங்கல். இதற்கு மேல் அந்த ஊரோடு ஒட்டுறவு கிடையாது.

அது வந்தது டிஸ்க் கோல்ஃப் வழியாக. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் கூப்பிட்டார். கோல்ஃப் என்றதும் நான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தேவையே இல்லை. பெரும்பாலும் பொதுப் பூங்காவில்தான் திடல் இருக்கும், கட்டணம் கிடையாது. டிஸ்க் ஒன்று பதினைந்து, இருபது டாலர். தொலைவுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, கூடைக்குள் போட ஒன்று என்று மூன்று இருந்தால் விளையாடலாம். பந்துக்குப் பதில் கையால் எறிகிற இந்த பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் கலிஃபோர்னியாவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். அப்போது குறி வெறும் கம்பம்தான். பட்டதா, உரசிக்கொண்டு போனதா என்ற வழக்குக்கெல்லாம் முடிவு கட்டியது அவருடைய சங்கிலிக் கூடை. 1977இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2002இல் அவர் இறந்ததும், அவர் கேட்டுக்கொண்டபடியே சாம்பலைக் கலந்து டிஸ்க் வார்த்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “ஏயா, அஸ்திய ஆத்துல கரைக்காம தட்டாக்கி வீசுதாவளா? நல்ல ஊருக்குத்தாம்யா போயிருக்க” என்றாள்.

எங்கள் வீட்டுப் பக்கத்துத் திடல் முழுக்க மேடு பள்ளம், முழுக்கக் காடு. அதில் ஓர் இறக்கம் எனக்குப் பிடித்தம். சிமெண்டுத் தளத்தில் நின்று எறிய வேண்டும். காலடியிலிருந்தே நிலம் சரிந்து ஓடைக்கு இறங்கி, அந்தப் பக்கம் மறுபடி ஏறுகிறது. ஏற்றத்தில், வேர்களுக்கு நடுவே கூடை. நேராகப் போக வழியில்லை. குறுக்கே பெரிய ஓக் ஒன்று நிற்கிறது. அதற்கு வலப்பக்கம் ஒரு சந்து, அவ்வளவுதான். வலக்கைக்காரன் புறங்கை வீச்சில், அதாவது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிந்தால், டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழன்று போகும். வேகம் செத்த பம்பரம் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி, ஓட்டம் தளர்ந்ததும் இடப்பக்கம் சரியும். ஆகவே அந்தச் சந்துக்குள் விட்டால், தாண்டினபின் தானாகவே கூடைப் பக்கம் திரும்பிவிடும். வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் முன்கை வீச்சு. குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தவ்வவிட்டுப் பழகிய கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட வந்தவர்கள்தான் எங்கே படித்தாய் என்று கேட்டார்கள்.

மரத்தில் படாமல் யாரும் திரும்பியதில்லை. ‘டொக்’ என்று சத்தம் கேட்டால், “மரத்தில் முக்கால்வாசி காற்றுதானே” என்று யாராவது கிண்டலடிப்பார்கள். பழையவர்கள் சொல்கிற ஒரே யோசனை, மரத்தைப் பார்க்காதே, இடைவெளியைப் பார் என்பது. வெட்டவெளியில் வளர்ந்த கண்ணுக்கு இது லேசில் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு ரோட்டோரக் காட்டிலும் சந்து சந்தாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்கப்புறம் மூச்சு முட்டல் இல்லை.

சரிவில் இருக்கிற கூடைக்கு எறியும்போது வேறொரு பயம் உண்டு. தவறிய டிஸ்க் படுத்துவிட்டால் பிழைத்தோம். விளிம்பில் நின்றுவிட்டால் உருண்டு உருண்டு ஓடை வரைக்கும் போகும். மழை பெய்த மறுநாள் என்றால் செம்மண் சகதி; எடுக்கப் போகிறவரும் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

மனுஷர்களோடு பேச்சு வந்தது டிஸ்க் தேடும்போதுதான். தொலைந்தால் தேட மூன்று நிமிடம் என்று விதியே இருக்கிறது, கூட ஆடுகிறவர்களும் சேர்ந்து தேடுவார்கள். இலையுதிர் காலத்தில் சருகுக்குள் ஆரஞ்சு நிற டிஸ்க் விழுந்தால் அத்தோடு சரி. குனிந்து சருகைக் காலால் தள்ளிக்கொண்டே வேலை, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பேச்சு ஓடும். முகத்தைப் பார்க்காமல் பேசுவதால் என் இங்கிலீஷும் தடுமாறவில்லை. மூன்று மூன்றாக இலை விடும் பாய்சன் ஐவியைத் தொடாதே என்று சொல்லித்தந்ததும் அங்கேதான். நம்மூர்ச் செந்தட்டி பட்டவுடன் எச்சரித்துவிடும். இது ஒன்றும் தெரியாதது போல இருந்துவிட்டு அப்புறம் கொப்புளிக்கும்.

டிஸ்க்கின் அடியில் போன் நம்பர் எழுதிவைப்பது வழக்கம். நான் தொலைத்த ஒரு நீல டிஸ்க்கை யாரோ ஓடையில் கண்டெடுத்து மெசேஜ் போட்டார். போய் வாங்கியபோது, வழியில் கிடந்தது என்பதோடு முடித்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. தமிழ்ச் சங்கத்தில் என்றால் முதலில் எந்த ஊர், யார் மகன் என்று ஆரம்பித்திருக்கும். எனக்கு ரெண்டும் வேண்டும், அது வேறு விஷயம்.

இப்போது பிள்ளைகளுக்குக் கோடை லீவு, ஊருக்கு வந்திருக்கிறோம். ஆடிக் காற்று. நாலு டிஸ்க்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே தரிசில் எறிந்து பார்த்தால், ஷார்லட்டில் படித்ததெல்லாம் இங்கே செல்லவில்லை. காற்றுக்கு எதிரே விட்டால் இடப்பக்கம் சரிய வேண்டியது வலப்பக்கம் புரண்டு ஓடுகிறது. காற்றோடு விட்டால் பொத்தென்று விழுகிறது. “மாமா, அங்க மரம் மறிக்கும், இங்க காத்து மறிக்கி” என்றான். ஒரு டிஸ்க் உடைமுள்ளுக்குள் போய்ச் சிக்கியது. அதை எடுக்க அவன் மட்டும் போனான், என் காலில் வெறும் செருப்புதான், முள் ஏறிவிடும்.

கூடை இல்லாமல் என்ன ஆட்டம் என்று வள்ளியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அத்தை மகனிடம் கேட்டேன். போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“ஏ மச்சான், மாட்டுச் சங்கிலி போதும்லா?”

“அது கனம்டே. பட்டதும் தட்டு தெறிச்சிரும். சங்கிலி ஆடிக் குடுக்கணும், அப்பதான் வேகத்த வாங்கிட்டுக் கீழ விடும்.”

“அப்ப நாய்ச் சங்கிலி. கீழ கூடைக்குப் பழைய டேபிள் ஃபேன் மூடி ஒண்ணு கெடக்கு. இரும்பு விக்கிற வெலைக்கு வேற செய்ய முடியாது பாத்துக்க.”

ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறான். எங்கே நட்டாலும் முருங்கைக்குப் பக்கத்தில் நடக்கூடாது என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.