ஜேலன் ஹர்ட்ஸ் பெஞ்சில் இருந்த பதினோரு மாதங்கள்

2018 ஜனவரி 8, திங்கட்கிழமை இரவு. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்ததால், இடைவேளை வரை பார்த்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் இறுதிப்போட்டி. பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம் இது. அட்லாண்டாவில் அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதின. இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. "அப்பா, இன்னும் பத்தே நிமிஷம்" என்று கெஞ்சினான். சரி என்றேன். இரண்டாம் பாதி தொடங்கியபோது அலபாமாவின் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் களத்தில் இல்லை. அவர் இடத்தில் ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவா நின்றிருந்தார்.

மகன் எதுவும் பேசவில்லை. டிவியில் ஹர்ட்ஸின் முகத்தைக் காட்டும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹர்ட்ஸ் எங்களுக்கு அந்நியர் இல்லை. ஹூஸ்டனுக்குக் கிழக்கே, கப்பல் கால்வாய் ஓரத்தில் ஒரு ரசாயன ஆலையில் நான் வேலை செய்கிறேன். ஐ-10 நெடுஞ்சாலையில் போனால் சேனல்வியூ வரும். ஹர்ட்ஸின் ஊர் அது. அவருடைய அப்பா ஏவரியன் ஹர்ட்ஸ் அப்போது அங்குள்ள ஹைஸ்கூலில் தலைமைக் கோச். அண்ணனும் அங்கே அப்பாவிடம்தான் குவாட்டர்பேக்காக ஆடினார். இந்த ஊர்ப் பையன் அலபாமாவுக்குப் போய், 18 வயதிலேயே ஆட்டத்தைத் தொடங்கும் முதல் குவாட்டர்பேக்காக இறங்கியதை என் மகன் சொந்த அண்ணனின் சாதனை போலச் சொல்லித் திரிந்தான்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். மற்ற இடங்களுக்கு ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். குவாட்டர்பேக் மட்டும் பெரும்பாலும் ஒருவர்தான். இரண்டாவது ஆளாக இருப்பவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். முழு சீசனும் அப்படியே போய்விடலாம்.

2016 செப்டம்பரில் யு.எஸ்.சி. என்ற கல்லூரி அணிக்கு எதிராக ஹர்ட்ஸ் முதன்முதலாக இறங்கினார். முதல் பந்தையே கையிலிருந்து நழுவவிட்டார். அப்புறம் அலபாமா 52-6 என்று ஜெயித்தது. அந்த சீசனின் இறுதிப்போட்டியில் கிளெம்சனுக்கு எதிராக, இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது 30 கெஜம் ஓடிப் போய் அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். கடைசி நொடியில் கிளெம்சன் ஒரு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டு 35-31 என்று பறித்துக்கொண்டது. அலபாமாவில் அவர் முதல் ஆளாகத் தொடங்கிய 28 ஆட்டங்களில் 26 வெற்றி, 2 தோல்வி. அப்படிப்பட்டவரைத்தான் அன்று நாடே பார்க்க உட்கார வைத்தார்கள்.

ஆட்டத்தை மட்டும் பார்த்தால் கோச் நிக் சேபன் செய்தது சரிதான். முதல் பாதியில் ஹர்ட்ஸ் எறிந்த 8 பந்துகளில் 3 மட்டுமே சக வீரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன, மொத்தம் 21 கெஜம். டுவா வந்து மூன்று டச் டவுன் எறிந்தார். ஓவர்டைமில் முதலில் பிடிபட்டு 16 கெஜம் இழந்தார். அடுத்த பந்தையே டிவான்டா ஸ்மித்துக்கு 41 கெஜம் எறிந்து முடித்துவிட்டார். 26-23. பத்து நிமிஷம் என்று சொன்ன நான் அதுவரை மகனைத் தூங்க அனுப்பவில்லை. டுவாவை ஹர்ட்ஸ் கட்டிக்கொண்டதை அவன் பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் ஹர்ட்ஸ் மைக் முன்னால் நின்று டுவாவைப் பாராட்டிப் பேசியதையும் பார்த்தான். "அவருக்குக் கோபமே வராதா, அப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஹர்ட்ஸின் கல்லூரி வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரவிலிருந்து நேராக டிசம்பருக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருந்த பதினோரு மாதங்கள்தான் என்னைப் பிடித்து வைத்திருப்பவை.

கோபம் இல்லாமல் இல்லை. ஆகஸ்டில் பத்திரிகையாளர்களிடம் அவர் வெளிப்படையாகவே பேசினார். இத்தனை மாதத்தில் கோச்சுகள் உட்பட ஒருவரும் தன்னிடம் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை என்றார். குரல் உயரவில்லை, ஆனால் மழுப்பவும் இல்லை. தன் மகனுக்கு முதல் இடம் பறிபோனால் அவன் கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே பெரிய ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணிக்கும் போகக்கூடிய ஆள்) ஆகிவிடுவான் என்று அவருடைய அப்பா ஏப்ரலிலேயே சொல்லியிருந்தார். ஆக, பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அந்தக் குடும்பம் நினைக்கவில்லை.

அந்த வருடம்தான் ஒரு புது விதி வந்திருந்தது. நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாத மாணவருக்கு அந்த சீசன் கணக்கில் வராது, ஒரு வருட ஆட்ட உரிமை மிச்சமாகும். செப்டம்பர் கடைசியில் கிளெம்சனிலும் இதே கதை நடந்தது. டிரெவர் லாரன்ஸுக்கு முதல் இடம் போனதும், நான்கு ஆட்டம் ஆடியிருந்த கெல்லி பிரையன்ட் அணியை விட்டு விலகினார். அது அவருடைய உரிமை, அதில் தப்பே இல்லை. டுவாவிடம் முதல் இடத்தை இழந்திருந்த ஹர்ட்ஸும் அப்படியே செய்வார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அதே வாரம், செப்டம்பர் 29 அன்று, லூசியானா அணிக்கு எதிராக அவர் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். மிச்சம் பிடித்திருக்கக்கூடிய ஒரு வருடத்தை, இரண்டாவது ஆளாக விட்டுக்கொடுத்தார்.

இதை நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அக்டோபரில்தான் என் மகனையும் உட்கார வைத்தார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பு, பள்ளியின் ஃப்ரெஷ்மன் அணி. வியாழக்கிழமை ஆட்டங்கள். முதல் நான்கு ஆட்டங்களில் இவன்தான் குவாட்டர்பேக். ஐந்தாவது வாரம் வேறு ஒரு பையனை இறக்கினார்கள். இவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று காரில் வரும்போது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். நான் இரவு பதினொரு மணிக்குக் கோச்சுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தண்ணீர் குடிக்க வந்தவன் திரையைப் பார்த்துவிட்டான். "அனுப்பாதீங்க அப்பா. நானே கேட்கிறேன்" என்றான். மறுநாள் போய்க் கேட்கவும் செய்தான். என்ன பதில் வந்தது என்று என்னிடம் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து உதைக்கிறவருக்குப் பந்தைப் பிடித்து நிறுத்திக் கொடுக்கும் ஹோல்டர் வேலையைச் செய்தான். இரண்டாவது குவாட்டர்பேக்குக்குப் பல அணிகளில் கிடைக்கும் வேலை அது. ஆட்டத்துக்கு மூன்று நான்கு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் பந்தின் தையல் முன்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைப்பான். அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

2018 டிசம்பர் 1, சனிக்கிழமை. அலபாமாவும் ஜார்ஜியாவும் ஆடும் எஸ்.இ.சி. என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதிப்போட்டி. அதே அட்லாண்டா, அதே மெர்சிடஸ்-பென்ஸ் மைதானம், அதே ஜார்ஜியா. நான்காவது கால்பகுதியில் ஜார்ஜியா 28-21 என்று முன்னால் இருந்தது. டுவா இரண்டு பந்துகளை எதிரணி கையில் கொடுத்திருந்தார். அப்புறம் சொந்த அணிக்காரரே காலை மிதித்ததில் கணுக்காலில் அடிபட்டு வெளியே போனார். ஹர்ட்ஸ் உள்ளே வந்தார்.

மகன் சோபாவிலிருந்து எழுந்து டிவிக்கு அருகில் தரையில் உட்கார்ந்துகொண்டான். சமையலறையிலிருந்த மனைவியும் வந்து நின்றுவிட்டாள்.

ஹர்ட்ஸ் ஜெரி ஜூடிக்கு ஒரு டச் டவுன் எறிந்தார். 28-28. ஜார்ஜியா பந்தை உதைப்பது போல ஏமாற்றப் பார்த்தது, பலிக்கவில்லை. பாதி மைதானத்தில் பந்து அலபாமாவுக்குக் கிடைத்தது. ஒரு நிமிடம் நான்கு நொடி மிச்சமிருக்கும்போது, 15 கெஜத்திலிருந்து ஹர்ட்ஸ் தானே ஓடிப் போய் டச் டவுன் போட்டார். 35-28. அந்த நாளில் 9 பந்து எறிந்தார், 7 சேர்ந்தது, 82 கெஜம். பதினோரு மாதம் அந்த ஒரு கால்பகுதிக்காகப் பயிற்சி எடுத்தவர் எறிந்த ஒன்பது பந்துகள் அவை. பேட்டியில் நிக் சேபனுக்கு நா தழுதழுத்தது. மகன் கை தட்டவில்லை, கத்தவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போனான். "வாங்கப்பா, பந்தைப் பின்பக்கமா என்கிட்ட எறியுங்க" என்றான். குனிந்து கால்களுக்கு நடுவே எறிய எனக்கு வரவில்லை, கையாலேயே உருட்டிவிட்டேன். இருட்டிலேயே பிடித்துப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தான்.

அந்த மாதமே ஹர்ட்ஸ் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கினார். அப்போதெல்லாம் படிப்பு முடிக்காமல் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். பட்டம் வாங்கியவருக்கு அந்தத் தடை இல்லை. படிப்பை முடித்ததால்தான் அவரால் தலை நிமிர்ந்து ஓக்லஹோமாவுக்குப் போய் உடனே ஆட முடிந்தது. 2019 சீசனில் 3,851 கெஜம் எறிந்தார், 1,298 கெஜம் ஓடினார். பேய்லருக்கு எதிராக 28-3 என்று பின்தங்கிய ஆட்டத்தை 34-31 என்று திருப்பினார். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் ஜோ பரோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார்.

அந்த பரோவின் எல்.எஸ்.யு. அணியோடுதான் ஹர்ட்ஸின் கடைசிக் கல்லூரி ஆட்டம். டிசம்பர் 28, மறுபடியும் அதே அட்லாண்டா மைதானம். பரோ முதல் பாதியிலேயே ஏழு டச் டவுன் எறிந்துவிட்டார். இடைவேளையில் 49-14. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் வீட்டில் எல்லோரும் எழுந்து சாப்பிடப் போனார்கள். மகன் மட்டும் நகரவில்லை. தோற்றுப்போன அந்த ஆட்டத்தில் ஹர்ட்ஸ் இரண்டு முறை தானே ஓடி டச் டவுன் போட்டார். 63-28 என்று முடிந்து, அவர் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை மகன் தரையில் உட்கார்ந்தே இருந்தான். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.