"நீங்க போங்க" என்று ஒதுங்கியதன் விளைவு

மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் இலங்கையின் கற்பிட்டிக் களப்பு முழுக்கக் கைட் தான், அதாவது பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு. போன ஓகஸ்டில் அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு ஆள். எதிரே ஒருவர் நேருக்கு நேர் வருகிறார். எனக்கு வலது கை முன்னால், அதாவது வழி எனக்குத்தான், அது நன்றாகவே தெரியும். ஆனால் வாசலில் யார் எதிர்ப்பட்டாலும் "நீங்க போங்க" என்று ஒதுங்குகிற பழக்கதோஷம், சட்டென்று காற்று போகும் பக்கம் திரும்பிவிட்டேன். விதிப்படி அவரும் அதே பக்கம்தான் திரும்பினார்.

கயிறுகள் பின்னிக்கொண்டன. ஒவ்வொரு கைட்டிலும் 20 மீட்டருக்கு மேல் கயிறு. மாஞ்சா தடவாத கயிறுதான், ஆனால் ஆளையே தூக்குகிற இழுவையில் அது இறுகி நிற்கும்போது விரலை அறுக்க மாஞ்சா தேவையில்லை. அவர் "ரிலீஸ், ரிலீஸ்" என்று கத்த, இருவரும் கைட்டின் இழுவையை உடனே விடுவிக்கிற குவிக் ரிலீஸைத் தள்ளினோம், கைட் இரண்டும் இழுவை போய்த் தண்ணீரில் விழுந்தன. கையால் பிரிக்கலாம் என்று அதற்கு முன்பே கயிற்றைப் பிடித்திருந்தால் இதைத் தட்டச்சு செய்ய எத்தனை விரல் மிஞ்சியிருக்குமோ.

பாய்க்கப்பல் காலத்து விதி இது. வலப்பக்கம் காற்று வாங்கிப் போகிறவருக்கு வழி. கைட்டில் அதை "வலது கை முன்னால்" என்று நினைவு வைத்துக்கொள்கிறோம். எல்லாரும் மறப்பது இதன் மறுபாதியை: வழி உள்ளவர் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் வர வேண்டும், ஏனென்றால் எதிரே வருபவர் அதை நம்பித்தான் கணக்குப் போடுகிறார். வழி உள்ளவர் கைட்டை மேலே தூக்கிக்கொள்ள, மற்றவர் தன் கைட்டைத் தாழ்த்தி, காற்று போகும் பக்கமாகக் கடப்பார். ஒரே திசையில் போனாலும் காற்று வரும் பக்கம் இருப்பவரின் கைட் மேலே, மற்றவருடையது கீழே. முந்துகிறவர்தான் விலகிப் போக வேண்டும்.

கரையில் வேறு கணக்கு. புறப்படுகிறவருக்கு முதலிடம், திரும்பி வருகிறவர் காத்திருக்க வேண்டும். கைட்டை ஏற்றிவிட்டுக் கரையில் நிற்கும் நேரம்தான் ஆபத்து, ஒரு பலத்த காற்று போதும், மரத்திலோ வேலியிலோ கொண்டுபோய் மோதும். சரி, குதிக்கிற ஆசை? காற்று போகும் பக்கம் 50 மீட்டர், காற்று வரும் பக்கம் 30 மீட்டர் காலியாக இருந்தால் மட்டும். படம் எடுக்க ஆள் நிற்கிறது என்பதற்காக அவர் தலைக்கு மேலேயே குதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதெல்லாம் நமக்குள் மட்டும்தான். மீனவரோ, குளிக்கிறவரோ இருந்தால் வலது கை இடது கை பேச்சே கிடையாது, விலக வேண்டியது நாம். வலை போட்டிருந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை "தம்பி, பட்டத்த அங்கால கொண்டு போங்க" என்றார். கொண்டுபோனேன்.

அன்றைக்குப் பின்னிய கயிற்றை இடுப்பளவு தண்ணீரில் நின்று பிரித்து முடிக்க முக்கால் மணி நேரம். மனுஷன் திட்டக்கூட இல்லை, "ஏன் திரும்பினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அதே ஆள் மறுபடி எதிரே. கைட்டை மேலே நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே போனேன். அவர் காற்று போகும் பக்கமாகக் கடந்து ஒரு கையை ஆட்டினார். என்னால் திருப்பி ஆட்ட முடியவில்லை, இரண்டு கையும் கைப்பிடியில் இறுகிப்போயிருந்தன.