இடுப்பு மூட்டு ரிசர்ஃபேசிங் ஆபரேஷன் முடிந்து வீடு வந்த பிறகு

முழு இடுப்பு மாற்று ஆபரேஷனில் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் உலோகத் தண்டு ஒன்றை இறக்குவார்கள். ரிசர்ஃபேசிங்கில் தலை போகாது. அதைச் செதுக்கி, மேலே கோபால்ட்-குரோமியத் தொப்பி மாட்டுவார்கள். 1997-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டாக்டர் டெரெக் மெக்மின் கொண்டுவந்த வடிவம்தான் இதில் பேர்போனது. தொப்பி மாட்டிய தலைதான் மூட்டின் பந்து. அது பெரிதாக இருப்பதால் மூட்டு நழுவும் ஆபத்து குறைவு. கவலை முழுக்கத் தொப்பிக்குக் கீழே இருக்கும் எலும்புக் கழுத்தைப் பற்றித்தான். அது முறிவதென்றால் பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள் முறியும். இரண்டு மூன்று வாரத்தில் வலி நன்றாகக் குறைந்துவிடும். கழுத்து அந்த வேகத்தில் தேறாது. பலர் தவறு செய்வது இந்த இடைவெளியில்தான். டாக்டர் இத்தனை வாரம் அக்குள் கட்டை என்று சொல்லியிருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அத்தனை வாரம்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே வீட்டில் உயரங்களை அளந்து வையுங்கள். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நடுத்தர உயரக்காரருக்கு 18 முதல் 20 அங்குலம் சரியாக வரும். கை வைத்த மர நாற்காலி நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது டைல்ஸில் வழுக்கும். சோபா வேண்டவே வேண்டாம். உயரம் போதாவிட்டால் ஜமுக்காளத்தை இறுக்கமாக மடித்துப் போடுங்கள். பஞ்சு மெத்தை அமுங்கி, போட்ட உயரத்தைத் தின்றுவிடும். வெஸ்டர்ன் டாய்லெட் பொதுவாக 15, 16 அங்குலம்தான் இருக்கும். சீட்டை உயர்த்தும் 4 அங்குல ரெய்சர் வாங்குங்கள், திருகி இறுக்கும் கிளாம்ப் உள்ளதாக. சும்மா மேலே வைக்கும் ரகம் ஒருபக்கமாகச் சாயும்போது நகர்ந்துவிடும். உட்காரும்போதும் எழும்போதும் ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள்.

இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் ராத்திரி குளிர்ந்ததும், கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எழுந்து குனிந்து இழுப்பார்கள். விதி அங்கே மீறப்படும். போர்வையின் ஒரு முனையைத் தூங்கும் முன்பே கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இடையில் தலையணை வேண்டும். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கி, தொடை உள்பக்கமாகத் திரும்பும். கைலியைத் தலை வழியாக மாட்டுங்கள். நடக்கும்போது கட்டையில் சிக்காதபடி ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள்.

முதல் வாரத்தில் கால் வீங்குவதைப் பார்த்து வீடே பதறும். தொடையிலிருந்து பாதம்வரை வீங்கும். கன்றிய நிறம் முழங்காலுக்குப் பின்னால் இறங்கி, ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறும். உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி வடிவதால் வருவது இது. ஒரு மணிக்கு ஒருமுறை பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் அசையுங்கள். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். பார்க்க வரும் உறவுக்காரர்கள் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்வார்கள். கண்டிப்பாகக் கூடாது. கெண்டைச்சதைக்குள் ரத்தக்கட்டி இருந்தால், நீவுவதில் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து பல பேருக்கு 35 நாள் வரை போகும். புண் ஆறிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டிராமடால் போன்ற வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். நான்காம் நாள் வரை காத்திருந்து அவதிப்படுவதைவிட, முதல் நாளே டாக்டரைக் கேட்டு மலமிளக்கியும் நிறையத் தண்ணீரும் தொடங்கிவிடலாம். முக்குவதும் முன்னால் சாய்வதும் சேர்ந்தால் மூட்டுக்கும் ஆகாது.

கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே மூன்று விரல் போக வேண்டும். எடை உள்ளங்கையில் இறங்கணும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன காலும் கட்டையும் முதலில். ஒற்றைக் கட்டைக்கு மாறினால் அதை எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். வலிக்கிற பக்கமே பிடித்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து மூட்டில் சுமை கூடும். திரும்பும்போது ஊன்றிய காலிலேயே சுழலாமல் சின்னச் சின்ன அடிகளாக வையுங்கள். கட்டையோடு காபி டம்ளரைத் தூக்க முடியாது. திருகுமூடி ஃபிளாஸ்கைத் தோள்பையில் போட்டுக்கொள்ளலாம்.

தொடை இடுக்கில் திடீரென்று வலி வந்து, நேற்று ஊன்ற முடிந்த காலை இன்று ஊன்ற முடியாமல் போனால் நடந்து பார்க்காதீர்கள். படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். கெண்டைச்சதை கெட்டிப்பட்டு வலித்தாலும், காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலும் அன்றே போய்விடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.

நடக்கும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். தசைகள் இன்னும் தளர்ந்திருப்பதால் பந்து லேசாக விலகி, அது பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்தில் மறுபடி உட்காரும் சத்தம் அது. வலி இல்லாவரை விட்டுவிடலாம். தசை இறுக இறுக அதுவும் குறையும்.