72 கண்ணியில் ஒரு குல்லா

ஊட்டியில் இருக்கும் என் தங்கைக்கு டிசம்பர் கடைசியில் பிரசவம் என்று தெரிந்ததும் கம்பளி நூல் வாங்கிவிட்டேன். உறைபனி விழும் மாதத்தில் அங்கே பிறக்கப்போகும் குழந்தைக்குக் குல்லாவைவிட வேறென்ன கொடுப்பது? பச்சிளங்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிடும்போது தலை பெரியது. அது திறந்திருந்தால் அதன் வழியாகச் சூடு வெளியேறிவிடும். எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பிலும், அந்தக் குழந்தைகளின் தலையில் குல்லா இருப்பதைப் பார்க்கலாம். ஆனால், பிள்ளை பிறப்பதற்கு முன்பே துணிமணி சேர்த்து வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. "பிள்ளை முதலில் நல்லபடியாகக் கைக்கு வரட்டும், அப்புறம் எதை வேண்டுமானாலும் செய்துகொள்" என்றார் அம்மா. அவர் மனம் சங்கடப்படக் கூடாது என்பதற்காக, என் பழைய மஃப்ளர் நூல்களோடு புதிய நூல்கண்டையும் போட்டு வைத்து, இரவில் மட்டும் எடுத்துப் பின்னினேன்.

பத்து வருடங்களாகப் பின்னுகிறேன் என்றாலும், நான் பின்னியவை பெரும்பாலும் மஃப்ளர்களும் சால்வைகளும்தான். நான்கு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் அவற்றில் தெரியாது. அதனால் அளவு என்ற ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. குல்லா அப்படியில்லை. அது ஒரு தலைக்கு உரியது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34, 35 செ.மீ. இருக்கும், குல்லா நழுவாமல் நிற்க வேண்டுமானால் அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்து, இழுபட்டுப் பொருந்த வேண்டும். என் கணக்கு 72 கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள். 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணிகள் விழுந்தால், 72 கண்ணிக்கு ஏறக்குறைய 32.7 செ.மீ. கிடைக்கும்.

இதற்கு முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, அளவுகோலை வைத்துக் கண்ணிகளை எண்ண வேண்டும். இத்தனை வருடங்களாக நான் தவிர்த்துவந்த வேலை அதுதான். இந்த முறையும் தவிர்த்தேன். 8ஆம் எண் ஊசியில், அதாவது 4 மி.மீ. ஊசியில், குத்துமதிப்பாகத் தொடங்கி ஆறு செ.மீ. உயரம் வந்தபின் அளந்தால், 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள்தான் இருந்தன. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். சுற்றளவோ 36 செ.மீ. ஆகிவிட்டது, குழந்தையின் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கிவிடும் குல்லா அது. நான்கு இரவுகளின் வேலையை ஒரே மூச்சில் பிரித்தேன். பிரிக்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் கை எவ்வளவு தளர்வாகப் பின்னுகிறது என்பதை அன்றுதான் முதல் தடவையாக எண்ணிக்கையாகப் பார்த்தேன். பிறகு ஒழுங்காக மாதிரித் துண்டு பின்னி, 10ஆம் எண் ஊசிக்கு மாறினேன். எண் கூடக் கூட ஊசி மெலியும், இது 3.25 மி.மீ. சரியாக 22 கண்ணிகள் விழுந்தன.

இரண்டாவது தொடக்கத்தில் இன்னொன்றையும் திருத்திக்கொண்டேன். முதல் வரிசைக் கண்ணிகளை இறுக்கிப் போடுவது என் பழக்கம். குல்லாவில் அந்த இறுக்கம் குழந்தையின் நெற்றியில் தழும்பாகப் பதியும் என்பதால், இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் கண்ணிகளைப் போட்டுவிட்டு, ஓர் ஊசியை உருவிக்கொண்டேன். ஓரம் ரப்பர் போல இழுபட்டது. பிறகு இரு முனையும் கூரான மூன்று ஊசிகளில் 24, 24, 24 ஆகப் பிரித்துக்கொண்டு, நான்காவது ஊசியால் வட்டமாகப் பின்னினேன்.

ஓரப்பட்டை இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (எதிர்ப் பின்னல்). ஏழாவது சுற்றில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவி ஐந்து வரிசை கீழே இறங்கிவிட்டது. முன்பென்றால் மொத்தத்தையும் பிரித்திருப்பேன். இந்தத் தடவை விளக்கின் கீழ் வைத்து நிதானமாகப் பார்த்தேன். நிட் கண்ணி சடை போலவும், பர்ல் கண்ணி மணி கோத்தது போலவும் இருக்கும். நழுவியது சடை வரிசையில் இருந்த கண்ணி, அதற்கு மேலே ஐந்து இழைகள் ஏணிப்படி போல வெறுமனே நின்றன. முனையில் கொக்கியுள்ள குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, ஒவ்வொரு படியாகப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தேன். ஐந்தாவது படி ஏறியதும், எந்த இடத்தில் நழுவியது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பின்னியதைப் படிக்கத் தெரிவது என்பார்களே, அது எனக்குப் பிடிபட்ட இடம் அந்தப் பட்டைதான்.

10 செ.மீ. உயரத்தில் உச்சியைக் குறைக்கத் தொடங்கினேன். ஏழு கண்ணி பின்னி, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். ஒரு சுற்றில் இது எட்டு முறை வரும். இடையில் ஒரு சுற்று குறைக்காமல் பின்னிக்கொண்டே போனால், எட்டு கோடுகள் சற்றே சுழன்று உச்சியில் கூடும். கடைசியில் மிஞ்சிய எட்டுக் கண்ணிகளுக்குள் நூலை ஓட்டி இறுக்கினேன். குஞ்சம், பொத்தான் எதுவும் வைக்கவில்லை. பிய்ந்தால் குழந்தையின் வாய்க்குப் போகும். நூல் மெரினோ ஆட்டின் கம்பளி, அதன் இழைகள் மெல்லியவை என்பதால் தோலில் பட்டால் குத்தாமல் வளைந்துகொடுக்கும்.

பதினாறாம் நாள் பெயர் வைத்தபோது குல்லாவைக் கொடுத்தேன். அம்மாதான் வாங்கிப் பார்த்தார். உள்பக்கத்தைத் திருப்பி முடிச்சு உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அவரே குழந்தைக்குப் போட்டுவிட்டார். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. வெளியே தூக்கிப்போகும்போது மட்டும் போடு, வீட்டுக்குள் தூங்கவைக்கும்போது கழற்றிவிடு என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். தூக்கத்தில் முகத்தின் மேல் இறங்கக்கூடும், உடம்பும் அதிகமாகச் சூடாகிவிடும்.

ஆறாம் மாதத்தில் தலை 43 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். அதற்கு 88 கண்ணிகள் வேண்டும். நீல நிறத்தில் பின்னிய மாதிரித் துண்டு இப்போது கொடியில் காய்கிறது.