ரேடியேட்டருக்குப் பக்கத்து நாற்காலி

2024 ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அப்பா வந்து மூன்று வாரம் ஆகிறது. நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் அவருக்கு இது முதல் பொங்கல். காலையிலிருந்து ஜன்னல் பக்கம் போய்ப் போய் சூரியனைத் தேடினார், வரவில்லை. சாயங்காலம் பனி விழ ஆரம்பித்தது.

ஏழு மணிக்குத் தோழி போன் செய்தாள். சனிக்கிழமை அவள் வீட்டில் வாசிக்கப் போகிறார்களாம். "உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா" என்றாள். பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுப்பவள், பியானோ வாசிப்பவள். வருடத்தில் இரண்டு மூன்று முறை, குளிர்காலத்தில், ஜாக்சன் ஹைட்ஸில் இருக்கும் தன் பழைய அபார்ட்மெண்டில் நண்பர்களைக் கூப்பிட்டு ஜாஸ் வைப்பாள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். "ஜாஸ்னா ரொம்ப சத்தமா இருக்குமாம்மா?" என்று கேட்டார். கும்பகோணத்தில் பத்தொன்பது வயது வரை மிருதங்கம் கற்றவர் அவர். மின்சார வாரியத்தில் வேலை கிடைத்ததும் விட்டுவிட்டார். ஆனால் கச்சேரி கேட்கும்போது அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 17, புதன்

நேற்றுக் காலையோடு சென்ட்ரல் பார்க் கணக்கில் ஓர் அங்குலப் பனி தாண்டிவிட்டது. 701 நாளாக அப்படி ஒரே நாளில் விழுந்ததில்லையாம். அப்பாவுக்காகத்தான் விழுந்தது என்று சொன்னேன், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இரவு அவருக்கு ஒரு பதிவு போட்டுக் காட்டினேன். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் வாசித்த 'பாடி அண்ட் சோல்'. ஐந்து வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு நியூயார்க் திரும்பிய சில மாதங்களில் பதிந்தது, மூன்று நிமிடம்தான். ஊரெல்லாம் தெரிந்த பாட்டு அது. ஆனால் ஹாக்கின்ஸ் தொடக்கத்தில் மட்டும் மெட்டைத் தொட்டுவிட்டு, அப்புறம் அதை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறார்.

அப்பா மூன்று தடவை கேட்டார். "பாட்டு எங்கேம்மா போச்சு? நிரவலும் இல்ல, கல்பனாஸ்வரமும் இல்ல. ஆனா அடியில ஏதோ ஒரு சட்டம் ஓடிக்கிட்டே இருக்கு. அதத்தான் என்னால பிடிக்க முடியல." நிரவல் என்றால் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது, கல்பனாஸ்வரம் என்றால் அந்த நேரத்தில் தோன்றும் ஸ்வரங்களைக் கோர்ப்பது.

எனக்கும் அதைச் சொல்லி விளக்கத் தெரியவில்லை.

ஜனவரி 20, சனி, இரவு 12 மணி

தூக்கம் வரவில்லை. இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து எடுத்துப் போயிருந்தேன். கூடத்தில் சோபாவை ஓரம் தள்ளி, மடக்கு நாற்காலி போட்டு, இருபது பேர் இருப்போம். அப்பாவுக்கு, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்து நாற்காலியைத் தோழி ஒதுக்கி வைத்திருந்தாள். அவருக்கு எதிரே கை நீட்டினால் தொடும் தூரத்தில் டிரம்ஸ்.

டிரம்ஸ் என்றால் முழு செட் இல்லை. ஸ்நேர் என்ற சின்ன டிரம், காலால் மூடித் திறக்கும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு, தாளம் ஓட்டும் ரைட் சிம்பல் என்ற பெரிய தட்டு. குச்சிக்குப் பதிலாகக் கம்பி பிரஷ். பியானோவில் தோழி, டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தில் ஒருவர், டெனார் சாக்ஸபோனில் ஒரு பெரியவர். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை.

முதல் பத்து நிமிடம் சுருதி சேர்த்தார்கள். எனக்கு இந்தப் பத்து நிமிடம் ரொம்பப் பிடிக்கும். குளிர்காலத்தில் ரேடியேட்டர் வீட்டுக் காற்றை உலர்த்திவிடும், பியானோவின் மரம் சுருங்கும், சுருதி இறங்கிவிடும். வாசிக்க உட்கார்ந்த பிறகு பியானோவை எதுவும் செய்ய முடியாது, மற்றவர்கள்தான் அதனிடம் போக வேண்டும். சாக்ஸ்காரர் தன் வாயில் வைக்கும் பகுதியைத் தக்கையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து இழுத்து ஊதிப் பார்த்தார். குழாய் நீளும் அளவுக்குச் சுருதி இறங்கும். வெளிக் குளிரிலிருந்து வந்த வாத்தியம் சூடேறச் சூடேற சுருதி மேலே ஏறும், திரும்பவும் இழுக்க வேண்டும். அப்பா முன்னால் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மிருதங்கத்தில் ரவை அப்பி, கட்டையும் கல்லும் வைத்துத் தட்டிச் சேர்த்தவர் அல்லவா.

அப்புறம் டிரம்ஸ்காரர் பிரஷால் ஸ்நேர் மேல் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். அரிசி களைவது போல ஒரு சத்தம். பேஸ் சேர்ந்தது. பேஸை நான் காதால் மட்டும் கேட்கவில்லை, மரத்தரை வழியாக என் உள்ளங்காலில் கேட்டேன். ஹெட்ஃபோனில் இத்தனை வருடம் கேட்டும் பேஸ்காரரின் விரல் தந்தியை விட்டு எழும்போது வரும் அந்தச் சின்ன 'டக்' எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. சாக்ஸ்காரர் ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் மூச்சு இழுப்பது கேட்கும். அந்த மூச்சின் நீளத்தை வைத்தே வரப்போவது நீளத் தொடரா, குட்டியா என்று கொஞ்ச நேரத்தில் சொல்ல முடிந்தது.

இரண்டாவது பாட்டில் அப்பாவின் கை தொடையில் இறங்கியது. ஆதி தாளம், எட்டு அடி சேர்ந்தால் ஒரு சுற்று, அதாவது ஒரு ஆவர்த்தனம். ஆனால் அவர் தட்டு ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தமாக விழ, ஹை-ஹாட் இரண்டிலும் நாலிலும் மூடிக்கொண்டிருந்தது. அப்பா கையை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் டிரம்ஸ்காரரின் இடது காலையே பார்த்தார். திரும்பத் தொடங்கியபோது கையில் தாளம், வலது காலில் இரண்டும் நாலும்.

இடைவேளையில் தோழி எங்களிடம் வந்து உட்கார்ந்தாள். புதன்கிழமைக் கேள்வியை அவளிடம் கேட்டேன். மேஜை மேல் இருந்த காகிதத் தட்டின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டாள். மெட்டு எட்டு பார் (நாலு அடி சேர்ந்தது ஒரு பார்), அதே திரும்ப எட்டு, பிரிட்ஜ் என்று வேறு இடத்துக்குப் போகும் எட்டு, மறுபடி முதல் எட்டு. மொத்தம் முப்பத்திரண்டு. யார் என்ன வாசித்தாலும் இந்த முப்பத்திரண்டு அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு சுற்றுக்குப் பெயர் கோரஸ். ஹாக்கின்ஸ் மெட்டை விட்டார், கட்டத்தை விடவில்லை.

அப்பா மனக்கணக்குப் போட்டார். "ஒரு பாருக்கு நாலு அடி. முப்பத்திரண்டுக்கு நூத்தி இருபத்தெட்டு. பதினாறு ஆவர்த்தனம்மா!" நான் மொழிபெயர்த்தேன். தோழி தட்டில் 16 என்று எழுதி வட்டம் போட்டாள்.

இரண்டாம் பாதியில் அப்பா வேறு மனிதர். பிரிட்ஜ் வரும்போதெல்லாம் என் கையைத் தட்டி, "போறாங்க பாரு" என்றார். முதல் எட்டு திரும்பும்போது, "வந்துட்டாங்க". கடைசிப் பாட்டில் சாக்ஸும் டிரம்ஸும் நாலு நாலு பாராக மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம். அடுத்த சுற்றில் அது இரண்டு இரண்டு பாராகச் சுருங்கியதும் அப்பா, "குறைப்பு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். மாறி மாறி வாசிக்கும் பகுதியைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போவதற்கு நம் கச்சேரியில் அதுதான் பெயர். என்ன சொல்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, அடுத்த இரண்டு பாரை அப்பாவைப் பார்த்தே வாசித்தார்.

பத்து மணிக்கு நிறுத்திவிட்டார்கள், கீழ் வீட்டில் குழந்தை இருக்கிறது. வாசலருகே ஒரு பீங்கான் கிண்ணம், வாசித்தவர்களுக்கு முடிந்ததைப் போடலாம். இது இந்த ஊரில் பழைய வழக்கம். 1920களில் ஹார்லெமில் கறுப்பின மக்களிடம் வீட்டு வாடகை தாறுமாறாக வாங்கினார்கள். மாதக் கடைசியில் கூடத்தைக் காலி செய்து, பியானோக்காரரை அழைத்து, வருபவர்களிடம் கொஞ்சம் சில்லறை வாங்கி வாடகை கட்டினார்கள். ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபேட்ஸ் வாலர் எல்லாம் அப்படிப்பட்ட கூடங்களில் விடிய விடிய வாசித்தவர்கள்தான். இடது கையாலேயே அடிச்சுரத்தையும் தாளத்தையும் சேர்த்து வாசிக்கும் அவர்கள் பாணி, தனி ஒரு ஆளே ஒரு கூட்டத்தை ஆடவைக்கப் போதுமானது.

ரயிலில் அப்பா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அந்த சிம்பல்காரர் பூராவும் சர்வலகுதாம்மா வாசிச்சார். எவ்வளவு சுத்தம்" என்றார். சர்வலகு என்றால் கணக்கு வழக்கில்லாமல் தாளத்தோடு இயல்பாக ஓடும் வாசிப்பு. ரைட் சிம்பலின் ஓட்டத்துக்கு இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

வெயில் அடித்தது, குளிர் குறையவில்லை. 7ஆம் நம்பர் ரயிலில் க்வீன்ஸிலேயே இருக்கும் கரோனா என்ற பகுதிக்குப் போய், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீட்டைத் தெருவிலிருந்தே அப்பாவுக்குக் காட்டினேன். உள்ளே இன்னொரு நாள் போக வேண்டும். உலகம் முழுக்கத் தெரிந்த மனிதர் 1943லிருந்து 1971இல் இறக்கும் வரை இந்தச் சின்னச் செங்கல் வீட்டில்தான் இருந்தார். வீட்டுப் பேச்சு, விருந்தாளிகளின் சிரிப்பு, சாப்பாட்டு நேரத்துச் சத்தம் எல்லாவற்றையும் டேப்பில் பதிந்து வைத்தார், நூற்றுக்கணக்கான டேப்.

நேற்று நான் எதையும் பதியவில்லை. "குறைப்பு!" என்று அப்பா சொன்ன அந்த ஒரு நொடியாவது என்னிடம் இருந்திருக்கலாம்.

ஜனவரி 24, புதன்

வேலை விட்டு வந்தேன். சமையலறை மேஜையில் அந்தக் காகிதத் தட்டு. அன்று அப்பா அதைக் கேட்டு வாங்கி வந்தது எனக்குத் தெரியாது. நாலு கட்டத்துக்குள்ளும் பென்சிலால் த க தி மி எழுதியிருக்கிறார். மூன்றாவது கட்டத்தில் மட்டும் நிறைய அடித்தல் திருத்தல்.

"பிரிட்ஜ்ல இன்னும் சரியா வரலம்மா" என்றார். "அடுத்து எப்ப வாசிக்கிறாங்க?"

மார்ச்சில். அப்பாவின் டிக்கெட் பிப்ரவரி கடைசியில். தேதி மாற்ற எவ்வளவு ஆகும் என்று இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.