வெர்னியரோடு கிட்டார் கடைக்குப் போனவன்

கோவை கிராஸ் கட் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து, நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். கடைப் பையன் பதறிப்போய் ஓடி வந்தான்.

"ஏனுங்ணா, என்னங்ணா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி, நெக்கோட, அதான் இந்தக் கழுத்தோட, அகலம் பாக்கறேன்."

42.9 மி.மீ. என்று காட்டியது. அவனிடமும் காட்டினேன். இந்த எண் எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்கும் புரிந்திருக்காது.

மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது அவளுடைய கிட்டாரை விட்டுவிட்டுப் போனாள். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது, சும்மா எடுத்துப் பார்ப்போமே என்று ஆரம்பித்ததுதான். எனக்கு வயது 47. கார்டு என்றால் பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கிற சுரக்கூட்டு. இ மைனர் வந்தது, ஏ மைனர் வந்தது. சி கார்டு வைக்கப் போனால் மோதிர விரல் ஐந்தாவது கம்பி வரைக்கும் எட்டவே இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே சின்னக் கை, அம்மா வழி. அளந்து பார்த்தேன்: மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை 168 மி.மீ. சரி, நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று ஒரு வாரம் அதைத் தொடவில்லை.

அப்புறம்தான் கையை அளந்தவனுக்குக் கிட்டாரை அளக்கத் தோன்றியது. கிட்டாரின் தலைக்குக் கீழே, கம்பிகள் பள்ளத்தில் உட்கார்ந்து நெக்குக்கு இறங்குகிற இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அதற்குப் பெயர் நட். 22 வருடமாக ஆவாரம்பாளையத்தில் பம்ப் உதிரிபாகங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிற எனக்கு நட் என்றால் போல்ட்டோடு வருவதுதான். இந்த நட்டின் அகலம் 52 மி.மீ. இருந்தது. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்குமாம். ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் என்றால் 43 அல்லது 44.5. கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்! ஒரு வாரமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 43 என்பது 1 11/16 அங்குலம், 44.5 என்பது 1 3/4 அங்குலம். நடுவில் 1/16 அங்குலம். நம் தச்சர்கள் கணக்கில் அரை நூல். அரை நூலுக்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். ஆனால் அரை நூல் தவறினால் பேரிங் உள்ளே போகாது என்று தினமும் பையன்களிடம் சொல்கிறவனும் நான்தான்.

அன்றிலிருந்து வெர்னியர் என் கூடவே வந்தது. காந்திபுரத்தில் மூன்று கடை. ஒரு கஸ்டமர் ஆடிட்டுக்குச் சென்னை போனபோது, அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல். 43க்குக் கீழே அகூஸ்டிக் கிடைக்குமா என்பதுதான் என் தேடல். கிடைப்பது கஷ்டம். யமஹா எஃப்310, எஃப்எஸ்800, ஏபிஎக்ஸ்600 எல்லாமே 43. டெய்லர் ஜிஎஸ் மினியும் அதேதான். கனடாவில் செய்கிற சீகல் எஸ்6 போன்றவை இன்னும் அகலம், 45.7. கிப்சன் கம்பெனி 1965 வாக்கில் நட்டை 1 9/16 அங்குலத்துக்கு, அதாவது 39.7க்குக் குறைத்திருக்கிறார்கள். படித்ததும் துள்ளிக் குதித்தேன். சில வருடங்களில் அவர்களே அதை மறுபடி அகலமாக்கிவிட்டார்கள் என்பதை அடுத்த பத்தியில்தான் படித்தேன். எப்படியும் அந்தக் காலத்து கிப்சனை வாங்க வேண்டுமென்றால் நான் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் என்னைக் குழப்பியது. ஒரே கடையில் இரண்டு கிட்டார், இரண்டுமே 43. ஒன்றைப் பிடித்தால் கைக்கு அடக்கமாக இருந்தது. இன்னொன்றைப் பிடித்தால் கிரிக்கெட் பேட் பிடித்த மாதிரி. நெக்கின் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். முதல் ஃப்ரெட்டில் நெக்கின் கனத்தை, அதாவது தடிமனை, அளந்தேன். ஒன்று 20.8, இன்னொன்று 23.5. அந்தக் கனமான நெக்கின் பின்பக்கம் படகின் அடிப்பகுதி போலக் கூராகவும் இருந்தது. 'ஸ்லிம் நெக்' என்று கடையில் சொல்வது அகலத்தையா கனத்தையா என்று அவர்களுக்கே தெரிவதில்லை. என் உள்ளங்கைக்குத் தொல்லை கொடுத்தது கனம்தான். அகலத்தில் 9 மி.மீ. குறைந்தபோது கிடைத்ததைவிட, கனத்தில் 3 மி.மீ. குறைந்தபோது அதிக நிம்மதி.

மூன்றாவது அளவு ஸ்கேல். நட்டிலிருந்து, கிட்டார் உடம்பில் கம்பிகளைத் தாங்குகிற சேடில் வரை, கம்பி அதிர்கிற நீளம். இது குறைந்தால் ஃப்ரெட்டுகள் நெருங்கி வரும். 650 மி.மீ. கிட்டாரில் முதல் மூன்று ஃப்ரெட்டும் சேர்ந்து 103 மி.மீ. எஃப்310, எஃப்எஸ்800 மாதிரி 634 என்றால் 101. ஜிஎஸ் மினியின் 597இல் 95. எட்டு மி.மீ. என்பது சுண்டுவிரலுக்குப் பெரிய விஷயம். அதோடு அதே கம்பி, அதே சுதி என்றால் 597இல் இழுவிசை 16 சதவீதம் குறையும், அழுத்துவதும் சுலபம். எனக்கு ஜிஎஸ் மினி பிடித்துத்தான் இருந்தது. விலை பிடிக்கவில்லை.

கடைசியில் கிட்டார் கிடைத்தது போத்தனூரில். ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர், ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகனிடம் போவதற்காகச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். கிட்டாரின் தலையில் கம்பெனி பெயர் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. அகலம் 43, கனம் 21, ஸ்கேல் 634. நான் அளந்து முடிக்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளந்தாச்சா? இப்போ வாசிங்க."

எஃப் கார்டு வைத்துக் காட்டினேன். ஆறு கம்பியில் இரண்டுதான் ஒலித்தது.

"கட்டைவிரலை மேல கொண்டுவந்து கொக்கி போட்டுட்டீங்க பாருங்க. நெக்குக்குப் பின்னால, நடுவுல இறக்குங்க. மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க."

இறக்கினேன். விரல்கள் அரை அங்குலம் நீண்ட மாதிரி இருந்தது. மூன்று மாதம் வெர்னியரோடு அலைந்தவனுக்கு இதை யாரும் சொல்லவில்லையே அங்கிள் என்றேன். "நீங்க யாரையும் வாசிக்கக் கேட்டிருக்க மாட்டீங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் முதல் ஃப்ரெட்டில் மட்டும் கம்பி கல் மாதிரி இருந்தது. இந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒரு தாள் நுழைகிற அளவு போதும். இடைவெளி அளக்கிற என் ஃபீலர் கேஜில் 0.45 மி.மீ. பிளேடே தாராளமாகப் போய் வந்தது. நட்டில் பள்ளம் ஆழம் போதவில்லை! எஃப் கார்டு வராததற்குப் பாதிக் காரணம் இதுதான். நட் ராவுவதற்கென்றே தனி அரம் விற்கிறார்கள். நான் பட்டறையில் கேஸ் வெல்டிங் டார்ச்சின் நாசில் குத்துகிற டிப் கிளீனர் செட்டை எடுத்து வந்தேன். கம்பிகளின் தடிமனுக்கு ஏறக்குறைய பொருந்துகிற ஊசிகள் அதில் இருக்கின்றன. தலைப் பக்கம் லேசாகச் சரிகிற மாதிரி, நாலு இழுப்பு இழுத்துவிட்டு அளந்து, மறுபடி நாலு இழுப்பு. மூன்றாவது கம்பிக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டேன், அது 'ஜீ' என்று அலற ஆரம்பித்தது. பள்ளத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாகிவிடும். மறுபடி ராவினேன். சோடா எங்கே போனது என்று மனைவி அடுத்த நாள் இட்லி மாவு கரைக்கும்போது கேட்டாள்.

இப்போது எஃப் கார்டில் ஐந்து கம்பி ஒலிக்கிறது. இரண்டாவது கம்பி மட்டும் இன்னும் 'டப்'. ஆனால் ஏ கார்டு கெட்டுப்போய்விட்டது. என் விரல் நீளத்தில் குட்டையே தவிர, நுனி 15.5 மி.மீ. அகலம். மூன்று விரலையும் ஒரே ஃப்ரெட்டுக்குள் வைக்கப் போனால் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த கதை. 52இல் இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை. ஆள்காட்டி விரல் ஒன்றையே படுக்க வைத்துச் சமாளிக்கிறேன்.

பொங்கல் லீவுக்கு மகள் வந்திருந்தாள். புதுசை எடுத்துப் பார்த்து, நாலு நிமிடம் வாசித்துவிட்டுக் கீழே வைத்தாள். "விரல் எல்லாம் இடிக்குதுப்பா, எப்படி வாசிக்கிற?" போகும்போது பழைய நைலான் கிட்டாரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.